அழைப்புக் குறிகளை அடுக்கும் நிரல்

ஒரு சிறு பயிற்சியோடு தொடங்குவோம். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றை எட்டுத் துண்டுகளாகக் கிழித்து, ஒவ்வொரு துண்டிலும் கீழே உள்ள குறிகளுள் ஒன்றை எழுதிக் கொள்ளுங்கள்.

வியு2ஆர்ஜி, டபிள்யூ1ஏடபிள்யூ, 4யு1யுஎன், இஏ0ஜேசி, கே7யுஜிஏ, ஜேஒய்1, என்ஏ1எஸ்எஸ், கே1ஜேடி.

இவை ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்தவை. இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். நீங்கள் சீட்டுகளில் ஆங்கில எழுத்துகளாகவே எழுதலாம். இப்போது இந்த எட்டையும் வரிசையாக அடுக்குங்கள் பார்க்கலாம். ஆங்கில நெடுங்கணக்கு முறையில் அடுக்க வேண்டும். அதில் என்ன சிரமம் என்று கேட்பீர்கள். இரண்டாம் சீட்டைக் கையில் எடுத்ததுமே சிரமம் தெரிந்துவிடும். எண்ணில் தொடங்கும் குறி எழுத்தில் தொடங்கும் குறிக்கு முன்னே வருமா, பின்னே வருமா? பூச்சியம் ஒன்றுக்கு முன்பா, ஒன்பதுக்குப் பின்பா?

விடைகளைச் சற்று ஒத்தி வைத்துவிட்டு, இந்தக் குறிகள் யாருடையவை என்று முதலில் பார்ப்போம். உலகெங்கும் பொழுதுபோக்காகவும் ஆராய்ச்சி ஆர்வத்தாலும் சொந்தமாக வானொலி நிலையம் வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்பவர்களை அமெச்சூர் வானொலியர் அல்லது ஹாம்கள் என்கிறோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் நாட்டு அரசு உரிமமும் அதனுடன் ஓர் அழைப்புக் குறியும் வழங்கும். அந்தக் குறி உலகில் வேறு எவருக்கும் இராது. நம் பட்டியலில் வியு2ஆர்ஜி என்பது ராஜீவ் காந்தியின் குறி. ஜேஒய்1 ஜோர்டான் மன்னர் உசேனுடையது. இஏ0ஜேசி ஸ்பெயின் மன்னராக இருந்த ஹுவான் கார்லோசுக்கு உரியது. கே7யுஜிஏ, 1964ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலில் போட்டியிட்டுத் தோற்ற பாரி கோல்ட்வாட்டருடையது. கே1ஜேடி, 1993இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோசப் டெய்லருடையது. டபிள்யூ1ஏடபிள்யூ அமெரிக்க ரேடியோ ரிலே லீக் என்ற ஹாம் சங்கத்தின் தலைமை நிலையம். 4யு1யுஎன் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்தில் உள்ள நிலையம். என்ஏ1எஸ்எஸ் பூமியிலேயே இல்லை. அது பன்னாட்டு விண்வெளி நிலையத்திலிருந்து ஒலிக்கும் குறி.

மன்னரும் பேராசிரியரும் விண்வெளி வீரரும் ஒரே பட்டியலில் நிற்பது ஹாம் உலகத்தின் அழகு. ஆனால் அந்தப் பட்டியலை அடுக்குவது ஏன் அவ்வளவு முக்கியம்?

ஹாம்கள் ஒருவரோடொருவர் முதன்முறை தொடர்பு கொண்டதும் அதற்குச் சான்றாக ஓர் அட்டை அனுப்புவது நெடுநாள் வழக்கம். அதற்கு கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். நாள், நேரம், அலைவரிசை, ஒலி எவ்வளவு தெளிவாகக் கேட்டது ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு அட்டைக்கும் தனித்தனியே வெளிநாட்டு அஞ்சல் தலை ஒட்டினால் கட்டுப்படியாகுமா? ஆகவே பல நாடுகளில் உள்ள ஹாம் சங்கம் ஓர் அட்டை நிலையத்தை நடத்துகிறது. உறுப்பினர்கள் தங்கள் அட்டைகளை அங்கே மொத்தமாக அனுப்புவார்கள். அங்கே அவை நாடுவாரியாகப் பிரிக்கப்பட்டுக் கட்டுக்கட்டாக வெளிநாடு போகும். அங்கு மீண்டும் பிரிக்கப்பட்டு உரியவரிடம் சேரும். இந்தியாவில் இந்திய அமெச்சூர் வானொலிச் சங்கம் இந்தப் பணியைச் செய்கிறது. 2003ஆம் ஆண்டு அமெரிக்க லீக் கணிப்பொறி வழியாகவே தொடர்புகளை உறுதி செய்யும் ஏற்பாட்டைத் தொடங்கிய பின் அட்டைகளின் வேகம் குறைந்தது உண்மை. ஆனாலும் அட்டை ஒழிந்துவிடவில்லை. கையில் பிடித்துப் பார்க்கும் சான்றுக்கு ஒரு தனி மதிப்பு உண்டு போலும்!

இந்த அட்டைகளில் பெறுபவரின் முகவரி இராது. அழைப்புக் குறி மட்டுமே இருக்கும். அதுதான் ஊர், அதுதான் தெரு, அதுதான் கதவு எண். தவறான கட்டில் விழுந்த அட்டை தவறான நாட்டுக்குப் போகும். அங்கிருந்து திரும்பி வந்தால் உண்டு, வராவிட்டால் அவ்வளவுதான். பிரிப்பவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். எனவே, அனுப்பும் போதே வரிசைப்படுத்தி அனுப்புங்கள் என்று சங்கங்கள் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றன. ஆண்டுக்குச் சில ஆயிரம் தொடர்புகள் கொள்ளும் ஒருவர் தம் பதிவேட்டைக் கணிப்பொறியில் வைத்திருந்தால், அந்த வரிசையில் அச்சிட்டுத் தர ஒரு சின்ன நிரல் போதும் அல்லவா? அந்த நிரலைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் உருவாக்கப் போகிறோம்.

கணிப்பொறியிடம் நம் எட்டுக் குறிகளையும் கொடுத்து, "வரிசைப்படுத்து" என்று மட்டும் சொன்னால் என்ன செய்யும்? இப்படிச் செய்யும்:

4யு1யுஎன், இஏ0ஜேசி, ஜேஒய்1, கே1ஜேடி, கே7யுஜிஏ, என்ஏ1எஸ்எஸ், வியு2ஆர்ஜி, டபிள்யூ1ஏடபிள்யூ.

பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க லீக் தன் உறுப்பினர்களுக்குச் சொல்லும் முறை இதுவன்று. எழுத்தில் தொடங்கும் குறிகள் முதலில், எண்ணில் தொடங்குபவை அவற்றுக்குப் பின் என்பது அதன் முறை. கணிப்பொறியோ எண்ணைத் தூக்கி முன்னே வைத்துவிட்டது. ஏன்?

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கிறோம். 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதலில் வெளியான ஆஸ்கி என்னும் ஏற்பாட்டில் 0 முதல் 9 வரையிலான இலக்கங்களுக்கு 48 முதல் 57 வரை. பெரிய எழுத்து ஏ முதல் இசட் வரை 65 முதல் 90 வரை. 48 சிறியது, 65 பெரியது. ஆகவே இலக்கம் முன்னே வந்தது. கணிப்பொறி அகரவரிசை பார்க்கவில்லை, எடை பார்த்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிவித்த புகழ்பெற்ற 360 வரிசைப் பெரிய கணிப்பொறிகள் வேறோர் ஏற்பாட்டைப் பின்பற்றின. எப்சிடிக் என்று அதற்குப் பெயர். அதில் ஏ என்ற எழுத்துக்கு 193, இசட்டுக்கு 233, இலக்கங்களுக்கு 240 முதல் 249 வரை. அதாவது எழுத்துகள் முன்னே, இலக்கங்கள் பின்னே! அதே பட்டியலை அந்தக் கணிப்பொறியில் கொடுத்திருந்தால் 4யு1யுஎன் கடைசியில் வந்திருக்கும், ஹாம்கள் விரும்பியபடியே. ஒரே கட்டளை, ஒரே பட்டியல், இரு பொறிகளில் இரு வரிசை. இரண்டில் எது சரி என்று பொறியைக் கேட்டுப் பயனில்லை.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதன்று. மரம், மலர், மனம் ஆகிய மூன்று சொற்களை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ் அகராதியில் இவை இதே வரிசையில்தான் வரும். னகரம் மெய்வரிசையின் கடைசி எழுத்து. ஆனால் இன்றைய யூனிகோடு ஏற்பாட்டில் னகரத்துக்கு நகரத்தை ஒட்டி, பகரத்துக்கும் முன்பாக இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே எழுத்தின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல், மனம், மரம், மலர் என்று அடுக்கும். பள்ளிப் பிள்ளைகூடத் திருத்திவிடும் பிழை இது. பொறிக்கு வரிசையை நாம்தான் கற்பிக்க வேண்டும்.

சரி, ஹாம்களின் குறிக்கு எந்த வரிசையைக் கற்பிப்பது? அதற்குக் குறியின் உடற்கூறு தெரிய வேண்டும். வியு2ஆர்ஜி என்பதை எடுத்துக்கொள்வோம். வியு என்பது முன்னொட்டு, அது இந்தியா. 2 என்பது நடு இலக்கம். ஆர்ஜி என்பது பின்னொட்டு, அது ஆள். இந்த அமைப்பு ஒரே நாளில் வந்துவிடவில்லை. தொடக்க காலத்தில் ஹாம்களுக்கு நாட்டு முன்னொட்டே கிடையாது. அமெரிக்க லீகை 1914இல் தோற்றுவித்த ஹிராம் பெர்சி மாக்சிமின் குறி வெறும் 1ஏடபிள்யூ. உள்ளூரில் பேசிக்கொள்ளும் வரை அது போதுமானதாக இருந்தது. 1923 நவம்பரில் அமெரிக்காவின் 1எம்ஓ என்ற நிலையமும் பிரான்சின் 8ஏபி என்ற நிலையமும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதன்முதலாக இருவழித் தொடர்பு கொண்டன. இந்த இரண்டு குறிகளில் எது அமெரிக்கா, எது பிரான்ஸ் என்று குறியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. கடல் கடந்து பேசத் தொடங்கியதும் நாட்டின் அடையாளம் தேவைப்பட்டது. 1927இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டு மாநாட்டுக்குப் பின் முன்னொட்டுகள் நிலைபெற்றன; அமெரிக்க ஹாம்கள் 1928 அக்டோபர் முதல் டபிள்யூவைச் சேர்த்துக் கொண்டனர். 1936இல் மாக்சிம் மறைந்தபின் அவருடைய குறி டபிள்யூ1ஏடபிள்யூ என்ற வடிவில் லீகின் தலைமை நிலையத்துக்கு நினைவுச் சின்னமாக வழங்கப்பட்டது. இன்றும் அந்த நிலையம் கனெக்டிகட் மாநிலத்தில் இயங்குகிறது.

ஆக, நடு இலக்கம்தான் மூத்தது. முன்னொட்டு பின்னர் வந்து தலையில் உட்கார்ந்தது. அமெரிக்காவில் இந்த இலக்கம் வட்டாரத்தைக் குறிக்கும். போருக்கு முன் ஒன்பது வட்டாரங்கள் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பத்தாவது ஒன்றைச் சேர்த்தபோது, 10 என்று இரண்டு இலக்கம் போட இடமில்லாததால் 0 என்று வைத்தார்கள். எனவே அங்கே பூச்சியம் ஒன்றுக்கு முன்னால் வருவதில்லை. ஒன்பதுக்குப் பின்னால் வருகிறது. நீங்கள் தொடக்கத்தில் கேட்ட இரண்டாவது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

இந்தியாவில் இலக்கம் வேறு வேலை செய்கிறது. வியு2 பொது உரிமம், வியு3 வரையறுக்கப்பட்ட உரிமம். இவை ஊரைக் குறிப்பன அல்ல. வியு4 மட்டும் அந்தமான் நிக்கோபார், வியு7 லட்சத்தீவு. நாடுகளைச் சேகரிக்கும் ஹாம்களின் கணக்கில் இவ்விரு தீவுக் கூட்டங்களும் தனித்தனி "நாடுகள்". அங்கிருந்து ஒலிக்கும் குரல் மிக அரிது. 2004 டிசம்பரில் அந்தமானுக்குச் சென்று ஒலிபரப்பிக் கொண்டிருந்த ஒரு ஹாம் குழுவினரைத்தான் 26ஆம் நாள் சுனாமி போர்ட் பிளேரில் சந்தித்தது. தொடர்பு எண்ணிக்கையைக் கைவிட்டு அவர்கள் அவசரச் செய்திகளைக் கடத்தத் தொடங்கினார்கள். அன்றைய பதிவேட்டில் வியு4 என்பதை வியு2 என்று ஒருவர் அடுக்கி வைத்தால் அது வெறும் எழுத்துப் பிழையாகுமா, சொல்லுங்கள்.

இனி நிரலுக்கு வருவோம். அது செய்ய வேண்டிய முதல் வேலை, குறியை மூன்றாக வெட்டுவது. "முதலில் வரும் இலக்கத்தைக் கண்டுபிடி, அதற்கு முன்னுள்ளது முன்னொட்டு, பின்னுள்ளது பின்னொட்டு" என்று எழுதத் தோன்றும். வியு2ஆர்ஜி ஒழுங்காக வெட்டுப்படும். 4யு1யுஎன் வந்ததும் கதை கந்தலாகிவிடும்: முன்னொட்டே இல்லை, இலக்கம் 4, பின்னொட்டு யு1யுஎன்! இலங்கையின் 4எஸ்7, சிங்கப்பூரின் 9வி1, மலேசியாவின் 9எம்2 எல்லாம் இதே கதிதான்.

"சரி, கடைசியில் வரும் இலக்கத்தில் வெட்டு" என்று மாற்றினால்? மேற்சொன்ன எல்லாம் சரியாகிவிடும். பல ஹாம்கள் எழுதிய நிரல்கள் இந்த இடத்தில் நின்றுவிட்டன. ஆனால் 2014இல் அமெரிக்க லீகின் நூற்றாண்டு விழாவுக்கு டபிள்யூ100ஏடபிள்யூ என்றொரு சிறப்புக் குறி ஒலித்தது. கடைசி இலக்கத்தில் வெட்டினால் முன்னொட்டு டபிள்யூ10 என்றாகும். அப்படி ஒரு நாடு உலகில் இல்லை.

எனவே இலக்கத்தைத் தேடும் யோசனையையே விட்டுவிடுவோம். ஜெனிவாவில் உள்ள பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் எந்த நாட்டுக்கு எந்த முன்னொட்டு என்று பங்கிட்டுத் தந்திருக்கிறது. அந்தப் பங்கீட்டை ஒட்டி ஹாம்கள் வழங்கும் முன்னொட்டுகளை ஓர் அட்டவணையாக நிரலுக்குள் எழுதி வைத்துவிட்டு, குறியின் தொடக்கத்தோடு பொருந்தும் மிக நீளமான முன்னொட்டை எடுத்துக்கொள் என்று சொல்வோம். மிக நீளமானது என்பதை மறக்கக் கூடாது. கே என்றாலே அமெரிக்கா என்று எடுத்துக் கொண்டால் கேஎச்6 என்ற ஹவாய்க் குறியும் நிலப்பகுதிக் கட்டில் விழுந்துவிடும். கேஎச் அட்டவணையில் இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். முன்னொட்டை நீக்கியபின் அடுத்து நிற்பது நடு இலக்கம். அதற்கு அப்பால் உள்ளதெல்லாம் பின்னொட்டு. டபிள்யூ100ஏடபிள்யூ இப்போது டபிள்யூ, 1, 00ஏடபிள்யூ என்று முறையாகப் பிரிகிறது. ஜேஒய்1 என்பது ஜேஒய், 1, பின்னொட்டு வெற்றிடம் என்று பிரிகிறது. குறியின் கடைசி இடத்தில் எழுத்துதான் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. மன்னருக்கு விதி வளைந்து கொடுத்தது போலும். நிரலும் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். (உசேன் 1999இல் மறைந்தார். 2018இல் ஜோர்டான் அவர் நினைவாக ஏவிய சிறு செயற்கைக்கோளுக்கும் ஜேஒய்1 என்றே பெயர்.)

அட்டவணையில் இன்னொரு செய்தியும் வேண்டும். அமெரிக்காவுக்குக் கே, என், டபிள்யூ, ஏஏ முதல் ஏஎல் வரை என்று பல முன்னொட்டுகள் உண்டு. அட்டைக் கட்டோ ஒன்றே. எனவே நிலப்பகுதிக்கு உரிய இவற்றுக்கெல்லாம் எதிரே "கே" என்று தலைமை முன்னொட்டை எழுதி வைப்போம். அட்டவணையை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிட முடியாது. விடுதலைக்கு முன் இலங்கைக் குறிகள் விஎஸ்7 என்று தொடங்கின. பிறகு 4எஸ்7 ஆயின. ஹாங்காங்கின் விஎஸ்6 பின்னர் விஆர்2 ஆயிற்று. தாத்தாவின் பழைய அட்டைப் பெட்டியை அடுக்க நினைப்பவருக்குப் பழைய அட்டவணையும் வேண்டும்.

குறியை வெட்டிவிட்டோம். அடுத்து, ஒவ்வொரு குறிக்கும் நிரல் மறைவாக ஒரு துணை எண்ணை உருவாக்கப் போகிறது. வரிசைப்படுத்துவது இந்தத் துணை எண்ணைத்தான். குறி அதன் பின்னே கட்டிய வண்டிபோல் வந்துவிடும்.

எழுத்துகளுக்கு நாமே எடை போடுவோம். வெற்றிடத்துக்கு 00. ஏ 01, பி 02 என்று தொடங்கி இசட் 26 வரை. பிறகு இலக்கம் 1க்கு 27, 2க்கு 28 என்று போய் 9க்கு 35. கடைசியாகப் பூச்சியத்துக்கு 36. முன்னொட்டுக்கு மூன்று இடம், இலக்கத்துக்கு ஓர் இடம், பின்னொட்டுக்கு நான்கு இடம் ஒதுக்குவோம். குறைந்தால் வெற்றிடம் இட்டு நிரப்ப வேண்டும். (சிறப்பு நிகழ்ச்சிகளில் பின்னொட்டு நான்கைத் தாண்டுவதுண்டு. எட்டு இடம் ஒதுக்கினாலும் கெடுதல் ஒன்றுமில்லை.)

வியு2ஆர்ஜி என்பதற்கு வி 22, யு 21, வெற்றிடம் 00, இலக்கம் 28, ஆர் 18, ஜி 07, மீதி 0000. சேர்த்தால் 222100 28 18070000. டபிள்யூ1ஏடபிள்யூ என்பதற்குத் தலைமை முன்னொட்டு கே. ஆகவே 110000 27 01230000. மற்றவற்றை நீங்களே போட்டுப் பாருங்கள். இஏ0ஜேசி 050100 36 10030000 என்றும், 4யு1யுஎன் 302100 27 21140000 என்றும் வந்தால் உங்கள் கணக்கு சரி.

ஏன் ஏ என்பதற்கு 1 என்று போடாமல் 01 என்று போட வேண்டும்? ஒற்றை இலக்கமும் இரட்டை இலக்கமும் கலந்தால், பி என்பதன் 2, கே என்பதன் 11 ஆகியவற்றை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறி 11 முன்னே, 2 பின்னே என்று வைத்துவிடும். பேருந்து எண்களை அடுக்கும்போதுகூட இந்தத் தவறு நேர்வதுண்டு. இடத்தைச் சமமாக்கினால் தீர்ந்தது.

துணை எண்களை ஏறுவரிசையில் அடுக்கினால் நம் எட்டுச் சீட்டுகளும் இப்படி நிற்கும்:

இஏ0ஜேசி, ஜேஒய்1, டபிள்யூ1ஏடபிள்யூ, கே1ஜேடி, என்ஏ1எஸ்எஸ், கே7யுஜிஏ, வியு2ஆர்ஜி, 4யு1யுஎன்.

முதலில் பொறி அடுக்கியதோடு ஒப்பிடுங்கள். கடைசியில் நின்ற டபிள்யூ1ஏடபிள்யூ மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. அமெரிக்கக் குறிகள் நான்கும் ஒன்றுசேர்ந்தன. அவற்றுள் முதல் வட்டாரம் முன்னும் ஏழாம் வட்டாரம் பின்னும் நிற்கின்றன. ஒவ்வொரு வட்டாரத்துக்குள்ளும் பின்னொட்டு வரிசை. அமெரிக்காவில் வந்து சேரும் அட்டைகளை வட்டார நிலையங்கள் பிரிக்கும் முறையும் இதுவே: இலக்கத்தைப் பார்த்து வட்டாரம், பின்னொட்டின் முதல் எழுத்தைப் பார்த்து அதற்கென உள்ள தொண்டர். பேராசிரியர் டெய்லர் பணியாற்றிய பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் இரண்டாம் வட்டாரத்தில், நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ளது. ஆனால் அவர் குறியில் இருப்பது 1. வீடு மாறினாலும் குறியை வைத்துக்கொள்ள அங்கே அனுமதி உண்டு. அட்டை போவது குறியின் இலக்கத்தைப் பார்த்தே.

சாய்கோடு வரும் குறிகள் இன்னொரு தலைவலி. 2014இல் டபிள்யூ1ஏடபிள்யூ குறி அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலிருந்தும் முறை வைத்து ஒலித்தது. டபிள்யூ1ஏடபிள்யூ/7 என்றால் ஏழாம் வட்டாரத்திலிருந்து, டபிள்யூ1ஏடபிள்யூ/கேஎச்6 என்றால் ஹவாயிலிருந்து. ஐரோப்பாவில் வழக்கம் தலைகீழ். பிரான்சுக்குப் போன ஆங்கிலேயர் எஃப் என்று போட்டுச் சாய்கோடிட்டு அதன்பின் தம் குறியைச் சொல்வார். நிரல் என்ன செய்ய வேண்டும்? அட்டை அனுப்புவதற்கு என்றால், சாய்கோட்டின் இரு பக்கங்களில் நீளமானதைச் சொந்தக் குறியாகக் கொள்ள வேண்டும். எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று கணக்கெடுப்பதற்கு என்றால், நேர்மாறாகக் குட்டையான பகுதியைத்தான் நம்ப வேண்டும். ஆள் நிற்கும் இடம் அதுதான். ஒரே பதிவேடு, இரு நோக்கங்கள், இரு துணை எண்கள். நான் கேட்டால் சொல்வேன்: இரண்டையும் ஒரே நிரலில் திணிக்காதீர்கள், "அட்டைக்கா, கணக்குக்கா" என்று தொடக்கத்தில் அது உங்களைக் கேட்கட்டும். நீளமான பக்கம் என்ற விதியும் முழுமையானதன்று. ஜோர்டான் மன்னர் ஹவாயிலிருந்து ஒலித்து, கேஎச்6/ஜேஒய்1 என்று சொல்லியிருந்தால் இரு பக்கமும் மூன்று எழுத்து!

துணை எண் தயாரான பின் அடுக்கும் வேலை எளிது. 1980களில் ஸ்பெக்ட்ரம், காமடோர் போன்ற வீட்டுக் கணிப்பொறிகளை வைத்திருந்த ஹாம்கள் பேசிக் மொழியில், அடுத்தடுத்த இரண்டை ஒப்பிட்டு இடம் மாற்றும் எளிய முறையைக் கையாண்டார்கள். 1,000 குறிகளுக்கு இந்த முறையில் 4,99,500 ஒப்பீடுகள் வரை வேண்டும். அன்றைய பொறிகளில் சில நூறு குறிகளுக்கே நிமிடக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பட்டியலை இரண்டிரண்டாகப் பிரித்துத் தனித்தனியே அடுக்கிப் பின் ஒன்றுசேர்க்கும் முறையில் அதே 1,000 குறிகளுக்கு ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகள் போதும். 10,000 குறிகள் என்றால் முதல் முறைக்கு ஏறத்தாழ 5 கோடி, இரண்டாவதற்கு 1,33,000 அளவில். இன்றைய மொழிகளில் இத்தகைய முறை உள்ளேயே அமைந்திருக்கிறது. துணை எண்ணை உருவாக்கும் சில வரிகளை எழுதிக் கொடுத்தால் போதும்.

ஒப்பீடே இல்லாமலும் அடுக்கலாம். உங்கள் எட்டுச் சீட்டுகளையும் கலைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள். முதலில் பின்னொட்டை மட்டும் பார்த்து அடுக்குங்கள். அந்த அடுக்கைக் கலைக்காமல் ஒவ்வொன்றாக எடுத்து, நடு இலக்கத்துக்கு ஒரு குவியல் என்று போடுங்கள். குவியல்களை 1 முதல் 9 வரை, பிறகு 0 என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேருங்கள். மறுபடியும் கலைக்காமல், தலைமை முன்னொட்டுக்கு ஒரு குவியல் என்று போட்டுச் சேருங்கள். அதே இறுதி வரிசை வந்து நிற்கும்! முக்கியமானதைக் கடைசியில் பார்ப்பதுதான் இதன் சூட்சுமம். ஒரே குவியலில் விழுபவை முன்பு நின்ற ஒழுங்கிலேயே விழுவதால் முந்தைய உழைப்பு வீணாவதில்லை. துளையிட்ட அட்டைகளைப் பிரித்த பழைய ஐ.பி.எம். பொறிகள் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்கி வேலை செய்ததும் இப்படித்தான்.

அடுக்கிய பட்டியல் மற்றோர் உதவியும் செய்யும். ஹாம்களின் போட்டிகளில் ஒரே அலைவரிசையில் ஒரே நிலையத்தோடு இரண்டாம் முறை பேசினால் பொதுவாகப் புள்ளி கிடையாது. வரிசைப்படுத்திய பட்டியலில் இரட்டைகள் அடுத்தடுத்து நிற்கும். முன்னதும் பின்னதும் ஒன்றா என்று ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே போனால் எல்லாம் அகப்படும்.

ஒரு முன்னெச்சரிக்கை. கையால் தட்டச்சிட்ட பட்டியலில் சிறிய எழுத்துகள் கலந்திருக்கும். ஆஸ்கியில் சிறிய ஏ 97 என்பதால் நம் அட்டவணையில் அது பொருந்தாது. வரியின் முன்னும் பின்னும் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் ஒட்டியிருக்கும். நிரல் முதலில் வெற்றிடங்களை நீக்கி எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிவிட வேண்டும். அதைவிடக் கெட்டது பூச்சியத்துக்குப் பதில் ஓ என்ற எழுத்து. ஹாம்கள் பூச்சியத்தின் குறுக்கே கோடு போட்டு எழுதுவது இதற்காகத்தான். இஏ0ஜேசி என்பதை ஒருவர் இஏஓஜேசி என்று தட்டிவிட்டால், முன்னொட்டுக்குப் பின் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து நிற்கும். நிரல் அதைத் தானே திருத்திக்கொள்ளலாமா? ஓ என்பது பூச்சியமாகத்தான் இருக்கும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் வேறொரு நடு இலக்கமே விடுபட்டுப்போய், ஓ பின்னொட்டின் முதல் எழுத்தாக நின்றிருந்தால்? இத்தகைய வரிகளை நிரல் தொடக் கூடாது. பட்டியலின் அடியில், பதிவேட்டின் வரி எண்ணோடு தனியே அச்சிட்டுவிட வேண்டும். பதிவேட்டை எழுதியவர் அந்த நாளைத் திறந்து, தம் கையெழுத்தைப் பார்த்து, எது என்று சொல்லட்டும்.